புதியோரை ஏற்கும் விருந்து



விருந்தோம்பலைப் பற்றித் தமிழருக்குப் பிறர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும், விருந்து என்பது பசி தீர்க்கும் செயலாக மட்டும் அமையாது, ஒருவரைப் புதியதொரு கூட்டத்தினுள் வரவேற்கும் சடங்காகவும் அமையுமிடத்து, அதனை நடத்துவோரின் பொறுப்பு இரு மடங்காகின்றது. அத்தகைய விருந்தொன்றினைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களிலே ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில், கல்வியிற் சிறந்த மாணவர்களைத் தெரிந்தெடுத்துக் கௌரவக் கழகங்களிலே சேர்த்துக்கொள்வர். அச்சேர்ப்புச் சடங்கினை ஒட்டி ஒரு விருந்தும் நடைபெறுவதுண்டு. அவ்விருந்தினை எவ்வாறு திட்டமிடுவது என்பது சிறு விடயம் போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், கல்வி யாருக்கு உரியது, கற்றோர் அவையிலே யாருக்கு இடமுண்டு என்ற பெரிய வினாக்கள் அந்தப் பந்தியிலேயே வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம்.

முதலில் இக்கழகங்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே 1776ஆம் ஆண்டிலே, டிசெம்பர் மாதம் 5ஆம் நாள், வேர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பேர்க் நகரில், வில்லியம், மேரி கல்லூரியைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் கூடி ஒரு சங்கத்தை நிறுவினர். 'பை பீற்றா கப்பா' என்பது அதன் பெயர். அறிவின்மீது கொண்ட காதலே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்னும் பொருளுடைய கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துக்கள் மூன்றும் சேர்ந்து அப்பெயராயின. அந்நகரிலே ராலி என்னும் பெயருடைய தங்குமனை ஒன்றிருந்தது. அதிலுள்ள அப்பொல்லோ அறையிலேயே அம்மாணவர்கள் கூடினர் என்பது கழகத்தாரின் மரபுச் செய்தி. அவ்வறையின் கணப்படுப்பின் மேலே, மகிழ்ச்சியானது அறிவுக்கும் நல்வாழ்வுக்கும் பிறந்த பிள்ளை எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே, கல்வியும் விருந்தும் ஒரே கூரையின்கீழ் அமர்வது இக்கழகங்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த வழக்கம் எனலாம்.

நட்பு, ஒழுக்கம், கல்வி என்னும் மூன்றினையும் குறிக்க மூன்று விண்மீன்களும், அவற்றை நோக்கிச் சுட்டும் கையொன்றும் பொறித்த வெள்ளிப் பதக்கத்தை அங்கத்தவர் அணிந்தனர். பிற்காலத்தில் அப்பதக்கத்துடன் ஒரு தண்டு இணைக்கப்பட்டது. சட்டைப்பைக் கடிகாரத்தை முறுக்கும் திறவுகோலாக அது பயன்பட்டமையால், இன்றும் அக்கழகத்தின் சின்னம் திறவுகோல் எனவே வழங்குகின்றது. 1781ஆம் ஆண்டு ஜனவரியிலே போர் அந்நகரை நெருங்கியபோது தாய்க்கழகம் தன் கூட்டங்களை நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்னரே, 1779ஆம் ஆண்டில், யேல், ஹாவார்ட் ஆகிய இரு கல்லூரிகளுக்கும் கிளை நிறுவும் உரிமைப் பத்திரங்களை அது வழங்கியிருந்தது. தாய்மரம் வாடியபோதும் விழுதுகள் வேரூன்றின.

தொடக்கத்திலே அஃது ஓர் இரகசியச் சங்கமாகவே இருந்தது. இரகசியச் சங்கங்கள்மீது நாட்டு மக்களுக்கு ஐயம் மிகுந்த காலத்தில், 1831ஆம் ஆண்டளவில், ஹாவார்ட் கிளை அம்மறைப்பைக் கைவிட்டது. மறைவு நீங்கிய பின்னர், அடைத்த கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின. 1875ஆம் ஆண்டிலே வேர்மொன்ற் பல்கலைக்கழகக் கிளை முதன்முதலாகப் பெண்கள் இருவரை அங்கத்தவராக ஏற்றது. 1877ஆம் ஆண்டிலே அதே கிளை ஜோர்ஜ் வாஷிங்டன் ஹென்டர்சன் என்பவரைத் தெரிந்தெடுத்தது. அவர் கறுப்பின மாணவர். வேர்ஜீனியாவிலே அடிமையாகப் பிறந்தவர். நேயர்களே, இதனைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கழகம் தோன்றியதும் அதே வேர்ஜீனியாவில்தான். அந்த ராலித் தங்குமனையின் முன்றிலிலே அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டதும் உண்டு. உள்ளே அறிவின் புகழ் பேசப்பட்டது. வெளியே மனிதர் விலை பேசப்பட்டனர். நூறாண்டு கழித்து, அம்மாநிலத்திலே அடிமையாகப் பிறந்த ஒருவர், அக்கழகத்தின் இடாப்பிலே தம் பெயரைக் காணும் நிலை வந்தது. கழகமொன்றின் பந்தியில் யார் இருக்கின்றனர், யார் பரிமாறுகின்றனர், யார் வாயிலில் நிற்கின்றனர் என்பதைப் பார்த்தே அக்கழகத்தின் கல்வியை அளந்துவிடலாம்.

இன்று பல துறைகளுக்கும் தனித்தனிக் கழகங்கள் உள. பொறியியலுக்கு 1885ஆம் ஆண்டிலே லீஹை பல்கலைக்கழகத்திலே தோன்றிய 'ரௌ பீற்றா பை' உண்டு. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு 1886ஆம் ஆண்டிலே கோர்னெல் பல்கலைக்கழகத்திலே தோன்றிய 'சிக்மா சை' உண்டு. எல்லாத் துறையினரையும் ஏற்கும் 'பை கப்பா பை' 1897ஆம் ஆண்டிலே மெயின் பல்கலைக்கழகத்திலே பிறந்தது. ஆசிரியத் தொழிலுக்கென 1911ஆம் ஆண்டிலே இல்லினோய் பல்கலைக்கழகத்திலே தோன்றிய 'கப்பா டெல்ற்றா பை' என் போன்றோரின் கவனத்துக்குரியது. ஈராண்டுக் கல்லூரிகளுக்கென 1918ஆம் ஆண்டு முதல் 'பை தீற்றா கப்பா' இயங்கி வருகின்றது. இக்கழகங்களுட் பலவற்றுக்குப் பொதுவான ஒழுங்கு விதிகளை வகுக்கும் சங்கம் ஒன்று 1925ஆம் ஆண்டிலே ஏற்பட்டது. தெரிவு முறையும் கண்டிப்பானதே. சான்றாக, பை கப்பா பை கழகம் இறுதியாண்டு மாணவருள் முதற் பத்து வீதத்தினரையும், அதற்கு முந்திய ஆண்டினருள் முதல் ஏழரை வீதத்தினரையுமே அழைப்பதற்கு உரியவராகக் கொள்ளும்.

இனி விருந்துக்கு வருவோம். ஒரு பல்கலைக்கழகக் கிளையின் செயலாளராக ஒரு பேராசிரியர் இருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவருக்குத் துணையாக இரண்டு மூன்று மாணவர்கள். அவர்கள் முதன்முதல் வினவவேண்டிய வினா, இவ்விருந்து யாருக்காக என்பதேயாம். துணைவேந்தருக்கும் பீடாதிபதிகளுக்கும் நன்கொடையாளருக்கும் ஆகவோ? அன்றி, அன்றிரவு இடாப்பிலே கையொப்பமிடப் போகும் இருபது வயது இளைஞருக்காகவோ? இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டால், மண்டபம் முதல் மலர்க்கொத்து வரை ஏனையவை தாமாகவே ஒழுங்குபடும். விடை காணாதுவிட்டால், எத்துணைப் பொருள் செலவிட்டும் விருந்து வெறும் ஆரவாரமாகவே முடியும்.

முதலாவது, நாள் குறித்தல். தெரிவு பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் நிகழும். விழா சித்திரையை ஒட்டி வரும். பரீட்சைக்கு முந்திய வாரத்திலே நாள் குறித்தால், வருகின்ற மாணவரும் மனம் வராதே வருவர். சமய நாட்களையும் பார்த்தல் வேண்டும். யூதரின் பஸ்கா விழாவும் கிறித்தவரின் பெரிய வெள்ளியும் அப்பருவத்திலேயே வருவன. இசுலாமியரின் ரமழான் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வது. 2023ஆம் ஆண்டிலே அது மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி ஏப்பிரல் மூன்றாம் வாரம் வரை நீடித்தது. அவ்வாறான ஆண்டிலே மாலை ஆறு மணிக்குப் பந்தி விரித்தால், நோன்பிருக்கும் மாணவி தட்டை முன்வைத்துக்கொண்டு வாளா இருக்க நேரும். சூரியன் மறையும் நேரத்தைப் பஞ்சாங்கத்திலே பார்த்துச் சடங்கினை முன்னும் உணவைப் பின்னும் வைத்தால், ஒரு காசும் செலவின்றி அவரையும் பந்தியில் ஒருவராக்கிவிடலாம்.

இரண்டாவது, கணக்கு. நாற்பது மாணவர் புதிதாகச் சேர்கின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் இருவரை அழைத்துவரலாம் என்றால் நூற்றிருபது பேர். ஆசிரியர் இருபத்திரண்டு பேர். பேச்சாளரும் அவர் துணைவரும் இருவர். ஆக நூற்று நாற்பத்து நான்கு பேர். எண்மர் அமரும் வட்ட மேசைகள் பதினெட்டு வேண்டும். உணவு ஆக்குவோர் சில நாட்களுக்கு முன்னரே உறுதியான தொகையைக் கேட்பர். அதன்பின் வராதோருக்கும் பணம் கொடுத்தேயாக வேண்டும். ஆதலால் விடையிறுக்க வேண்டிய நாளை அழைப்பிதழிலே தெளிவாகப் பொறித்து, விடை வராதோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டல் நன்று.

மூன்றாவது, கட்டணம். இதுவே என் உள்ளத்தை உறுத்துவது. பல கழகங்கள் புதிய அங்கத்தவரிடம் சேர்வுக் கட்டணம் பெறுகின்றன. அதற்குமேல் விருந்துக்கும் தனியே பணம் கேட்பின், தாயும் தந்தையும் வந்தால் மூவருக்குச் செலுத்தவேண்டும். வசதியுள்ள வீட்டுக்கு அது பொருட்டன்று. இரவு நேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவனுக்கோ அது ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவாகலாம். அவன் என்ன செய்வான்? பணமில்லை என்று சொல்லமாட்டான். அன்றைக்கு வேறு அலுவல் உண்டு என்று எழுதிவிடுவான். செயலாளரும் அதனை நம்பிவிடுவார். கல்வியிலே முதல் வரிசையில் நின்றவன் பந்தியிலே கடைசி வரிசைக்கும் வராது போவான். ஆகவே, புதியோரிடம் உணவுக்குப் பணம் பெறலாகாது. மண்டபத்தின் அலங்காரத்தைக் குறைத்தாவது, மூன்று கறியை இரண்டாக்கியாவது, பெற்றோருக்கும் இலவசமாகவே இடமளிக்க முயலல் வேண்டும். இயலாதவிடத்து, கேட்போர் பெயர் வெளிவராத வகையில் உதவும் வழியொன்றை அழைப்பிதழிலேயே குறித்துவிடுதல் தகும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு செய்தி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே உணவு பரிமாறுவோருட் பலர் அங்கு பயிலும் மாணவரே. கல்விச் செலவை ஈட்டும் பொருட்டு அவர்கள் அவ்வேலை செய்வர். அன்றிரவு பரிமாறும் முறை வந்தவர்களுள், கழகத்துக்குத் தெரிவானவர் ஒருவரும் இருக்கக்கூடும். செயலாளர் முன்கூட்டியே விசாரித்து, அவருக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அந்நூற்று நாற்பத்து நான்கு நாற்காலிகளில் ஒன்று அவருடையது.

நான்காவது, இருக்கை. பெரியோரை மேடையிலே வரிசையாக அமர்த்தி, இளையோரைக் கீழே அமர்த்தும் வழக்கம் அங்கும் உண்டு. அதிலும் சிறந்தது, மேசைக்கு ஓர் ஆசிரியராகப் பிரித்து அமர்த்தும் முறை. பல்கலைக்கழக வாயிலையே முதன்முறையாக மிதித்த பெற்றோர் பலர் அங்கே வந்திருப்பர். எந்தக் கரண்டியை எடுப்பது, யாரிடம் என்ன பேசுவது என்று அவர்கள் கூசுவர். அவர்களுடன் அமரும் பேராசிரியர், உங்கள் மகளின் கட்டுரையை நான் வாசித்தேன், அதிலே இன்ன பகுதி எனக்கு மிகவும் பிடித்தது என்று ஒரு வார்த்தை கூறினாற் போதும். அந்தத் தாய் ஊர் திரும்பியபின் உணவின் சுவையை மறப்பாள், அவ்வார்த்தையை மறவாள்.

ஐந்தாவது, பெயர். விழாவின் உயிர்நிலை இதுவே. மெழுகுவர்த்தி ஏற்றிக் கழகத்தின் வரலாற்றை வாசிப்பர். தீ மூட்டலாகாது என்ற விதியுள்ள மண்டபங்களிலே மின்கல விளக்கு அவ்விடத்தை நிரப்பும். உறுதிமொழி கூறுவர். பின்னர் ஒவ்வொருவர் பெயரும் அழைக்கப்படும். அழைக்கப்பட்டவர் எழுந்து சென்று இடாப்பிலே கையொப்பமிட்டுச் சான்றிதழும் சின்னமும் பெறுவர். ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு இருபது நிமிடம் வேண்டும். அவ்விருபது நிமிடத்தையும் சுருக்க எண்ணுவோர், விழாவையே சுருக்கியவராவர்.

எம் பாடசாலையிலே கற்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்ற பழைய மாணவர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதம் இங்கே நினைவுக்கு வருகின்றது. நம் நாட்டிலிருந்து அங்கு சென்று பயில்வது புதிதன்று. புல்பிறைற் உடன்படிக்கை நமக்கும் அமெரிக்காவுக்குமிடையே 1952ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. இம்மாணவரின் தந்தையார் கிழக்கு மாகாணத்துச் சிற்றூரொன்றிலே கமஞ்செய்பவர். ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். நம் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதி வந்த இம்மாணவர், அங்குள்ள படிவங்களிலே குடும்பப் பெயர் எது என்று கேட்டவிடத்தில் தந்தையின் முழுப்பெயரையும் எழுதலானார். அப்பெயரிலே ழகரம் வரும். விழாவுக்கு நான்கு நாள் முன்பு கழகச் செயலாளர் அவரை அழைத்து, உம் பெயரை நான் பிழையாகச் சொல்ல விரும்பவில்லை, சொல்லிக் காட்டும் என்று கேட்டாராம். பலமுறை சொல்லிப் பார்த்தும் ழகரம் வரவில்லை. அவர் விடவில்லை, நாக்கை எங்கே வைப்பது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

விழா இரவிலே பெயர்கள் அழைக்கப்பட்டன. முதலில் மாணவரின் பெயர். அடுத்து, சற்றே நிறுத்தி, தந்தையின் பெயர். ழகரம் ஏறத்தாழச் சரியாகவே வந்ததாம். "ஐயா, அப்பாவின் பெயரை அவருடைய முழுப்பெயராக ஒரு மண்டபம் நிறையக் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் அங்கே இல்லை. ஆனாலும் நான் தனியாக எழுந்து நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது" என்று அம்மாணவர் எழுதியிருந்தார். பெற்றோர் வர இயலாத வெளிநாட்டு மாணவர்களின் அருகே, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரையும் அவர் மனைவியையும் அமர்த்தியிருந்தனராம். மாட்டிறைச்சி உண்பதில்லை என்று அவர் அட்டையிலே குறித்ததை மறவாது, வேறு உணவும் வைத்திருந்தனராம். கடிதத்தில் பேச்சாளர் பெயரில்லை; மண்டபத்தின் அழகும் இல்லை. இம்மூன்று செய்திகளே இருந்தன. விருந்து திட்டமிடுவோர் எதிலே கருத்தூன்ற வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆறாவது, பேச்சு. 1837ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள், கேம்பிரிஜ் நகரிலே, பை பீற்றா கப்பா கழகத்தார் முன்னிலையில், எமேர்சன் 'அமெரிக்க அறிஞன்' என்னும் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். பிற நாட்டார் கல்வியையே நம்பி வாழாது, தம் காலில் நின்று சிந்திக்குமாறு அவர் இளையோரை வேண்டினார். அவ்வுரை அந்நாட்டின் அறிவு வரலாற்றிலே ஒரு மைல்கல்லாயிற்று. அதனை எண்ணி, இக்காலப் பேச்சாளர் ஒவ்வொருவரும் தம்மை எமேர்சனாக எண்ணிவிடலாகாது. உண்ட மயக்கத்திலிருக்கும் அவைக்கு இருபது நிமிடம் தாராளம். அதனை அழைப்புக் கடிதத்திலேயே பணிவாகவும் தெளிவாகவும் எழுதிவிட வேண்டும். பேச்சின் பொருளும் மாணவரைப் பற்றியதாகவே இருத்தல் நன்று. அவர்களைப் புகழ்ந்தாற் போதாது. பெற்ற கல்வியால் இனி அவர்கள் ஆற்றவேண்டிய கடன் யாது என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

இத்தகைய கழகங்களே வேண்டுவதில்லை என்பாரும் உளர். ஒருவரைச் சிறப்பித்தால் பத்துப்பேரைச் சிறுமைப்படுத்தியதாகாதோ என்பது அவர்தம் வினா. அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புள்ளியின் மிகச் சிறு வேறுபாட்டால் வாயிலுக்கு வெளியே நின்றவர், உள்ளிருப்பவரினும் அறிவிற் குறைந்தவர் என்று யார் துணிந்து கூறுவார்? ஆயினும், பொருளும் பதவியும் உடையோருக்கே மாலை விழும் உலகிலே, அமைதியாக நூலகத்தில் அமர்ந்து உழைத்த ஒருவரை ஓர் இரவேனும் எழுப்பி நிறுத்திக் கைதட்டுதல் தவறாகாது. அச்சிறப்பு செருக்காக மாறாதிருக்கவேண்டின், பெறுவோர் அதனைக் கடனாகக் கருதவேண்டும். வழங்குவோர் அதனைப் பணிவுடன் வழங்கவேண்டும்.

நேயர்களே, கடல் கடந்த நாட்டின் வழக்கத்தை நான் இத்துணை விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. நம் பாடசாலைகளிலும் பரிசளிப்பு விழாக்கள் நடைபெறுகின்றன. பிரதம விருந்தினரை எதிர்பார்த்துப் பிள்ளைகள் வெயிலிலே வரிசையாக நிற்பதும், வரவேற்புரைகள் நீள்வதும், பொழுது சாய்ந்தபின் பரிசு பெறுவோரின் பெயர்கள் மூச்சுவிடாமல் வாசிக்கப்படுவதும் நாம் காணாதவையல்ல. அப்பிள்ளையின் தாய் பின்வரிசையிலே, கைக்குழந்தையுடன் நின்றுகொண்டிருப்பாள். தன் பிள்ளையின் பெயர் எப்பொழுது வந்தது, எப்பொழுது போயிற்று என்று அவள் அறியமாட்டாள். இதனைத் திருத்துவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும். ஒலிவாங்கியின் முன் நிற்பவர் முதல்நாளே பெயர்ப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்கவேண்டும். உரைகளுட் சிலவற்றைக் குறைக்கவேண்டும். ஆசிரியர் ஒருவர் அவளருகே சென்று, உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கின்றான் என்று கூறவேண்டும்.

இவ்வாண்டு உங்கள் ஊர்ப் பாடசாலையின் விழாக்குழுவிலே நீங்கள் இடம்பெறுவீராயின், நிகழ்ச்சி நிரலை எழுதுமுன் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒருமுறை மெல்ல வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவ்வூரில் ஒரு வீடு இருக்கும். அவ்வீட்டில் அப்பெயரைச் சூட்டியவர் இருப்பார். அவருக்கும் ஓர் அழைப்பிதழ் போகட்டும்.